கடைக்காரர் தெளித்த நாலு சொட்டுத் தண்ணீர்

கே: மழைத் தண்ணீர் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் நின்றது. படுக்கையறை லேமினேட் மரத் தரை ஓரமெல்லாம் உப்பிவிட்டது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றுதான் விற்றார்கள். காய்ந்தால் படியுமா? (வேளச்சேரி)

ப: படியாதம்மா. பலகையின் மேல்தோல்தான் தண்ணீரைத் தாங்கும். நடுவில் இருப்பது அழுத்திய மரத்தூள். இணைப்பு வழியாக ஈரம் இறங்கினால் ரஸ்க் மாதிரி ஊதும், திரும்பச் சுருங்காது. கடையில் என்ன செய்கிறார்கள்? பலகையின் முகத்தில் நாலு சொட்டு தெளித்து, துணியால் துடைத்து, “பாருங்க சார்” என்கிறார்கள். நானும் பார்த்தேன், 2014-இல். மறு வருடம் டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீரம் தெரிந்தது. அறைக் கதவு திறக்கவில்லை. தரை அவ்வளவு எழும்பியிருந்தது. வாங்குமுன் ஒரு வெட்டுத் துண்டு கேளுங்கள். ஒரு நாள் பக்கெட்டில் முக்கி வைத்து, வெட்டிய ஓரத்தைத் தடவிப் பாருங்கள். துண்டு தர மறுக்கும் கடையில் உங்களுக்கு வேலை இல்லை.

உங்கள் பில்லில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் விடாதீர்கள். உப்பிய பலகைகளைப் படம் எடுத்து, இரண்டைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

கே: வெள்ளம் வடிந்தபின் ஹால் டைல்ஸில் சில இடம் ‘டொக் டொக்’ என்கிறது. மொத்தமாகப் பெயர்க்கணும் என்கிறார் மேஸ்திரி. (முடிச்சூர்)

ப: அவருக்குச் சதுர அடிக் கூலி. ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டி, காலியாகச் சத்தம் வருவதில் சாக்பீஸால் குறி போடுங்கள். பத்துப் பன்னிரண்டுதான் என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். மிச்ச டைல்ஸ் பெட்டி பரணில் இருக்கிறதா? இல்லையென்றால் ஷேடு சேராது, கட்டிலுக்கு அடியில் இருப்பதைப் பெயர்த்து நடுவில் போடுங்கள்.

கே: தண்ணீர் வடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தரை மேலேயே வினைல் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) ஒட்ட ரூ.20,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பில் கேட்டால் ஜிஎஸ்டி ஏறும் என்கிறார். (மடிப்பாக்கம்)

ப: பில்லும் இல்லை, தரையும் காயவில்லை, பணம் மட்டும் போய்விட்டது! சரி, வேலையையாவது நிறுத்துங்கள். இரண்டடிச் சதுர பாலிதீனைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் இப்போது எதை ஒட்டினாலும் கிளம்பும்.

கே: ஃப்ளாட்டுக்குக் குடிவந்து மூன்று வருடம். பாத்ரூமை ஒட்டிய அறையில் டைல்ஸ் ஓரம் உப்பு பூக்கிறது. ‘வாரண்டி ஒரு வருடம்தான்’ என்கிறார் பில்டர். (பெரும்பாக்கம்)

ப: அவர் சொன்னால் ஆயிற்றா? ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வேலைத் தரக் குறைபாட்டுக்கு, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடம் அவரே பொறுப்பு. நீங்கள் புகாரை எழுதிக் கொடுத்த 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவரை உங்கள் செலவில் டைல்ஸைத் தொடாதீர்கள். கசிவு பாத்ரூமிலிருந்து வந்தால் இங்கே மாற்றியும் பயன் இல்லை.

கே: தாத்தா காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை நனைந்து வெளுத்துவிட்டது. மேலே டைல்ஸ் ஒட்டிவிடட்டுமா? (மயிலாப்பூர்)

ப: ஐயோ, வேண்டாம். காயவிட்டு, உப்பைத் துடைத்து, மெழுகு போட்டுத் தேயுங்கள்.