புத்தகத்தில் பார்த்த படத்தை அருங்காட்சியகத்தில் ஏன் மறுபடி பார்க்க வேண்டும்?

டிராகன், தேவதைப் படங்கள்தான் புத்தகத்திலேயே இருக்கின்றனவே, மூல ஓவியத்தைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் அளவு. உள்ளங்கை அகலத்தில் அச்சான அட்டைப்படம் பல நேரம் இரண்டடி உயர எண்ணெய் ஓவியம். தூரிகைத் தடம், வரைந்து மாற்றிய இடம் எல்லாம் அதில்தான் தெரியும். நூறாண்டுக்கு முன் தேவதைக் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஆங்கிலேய ஓவியர் ஆர்தர் ராக்கம் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்: அவருடைய மெல்லிய மசிக்கோட்டையும் நீர்வண்ணத்தையும் அன்றைய மூவண்ண அச்சு முழுதாகப் பிடிக்கவில்லை.

நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும், அதனால் அரங்கில் ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள். கண் பழகும்வரை கொஞ்சம் நின்று பாருங்கள்.

அமெரிக்காவில் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரிலுள்ள நார்மன் ராக்வெல் அருங்காட்சியகம் 2021இல் கற்பனை ஓவியங்களின் வரலாற்றையே கண்காட்சியாக வைத்தது. அப்புறம், அங்கேயே பென்சில்வேனியா மாநிலத்தில், கற்பனை ஓவியர் பிராங்க் பிரசெட்டாவின் ஓவியங்களுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது.