நைட்ரிக் ஆக்சைடு போன்ற நிலையற்ற வாயுவைத் தோலில் தடவும் மருந்தாகக் கொடுக்க முடியுமா? ஒரே ட்யூபில் தந்தால் என்ன?

கொடுக்க முடியும். ஆனால் அந்த வாயுவை ஒரே ட்யூபில் அடைத்து, அது கெடாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கேள்வியின் கீழே "இரண்டு ட்யூபைக் கலக்கச் சொல்வது தயாரிப்பவர்களின் சோம்பேறித்தனம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். தோலில் தடவும் ஜெல்களை உருவாக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை. நீங்கள் மருந்தியல் படிப்பவர், ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பலரும் நினைப்பது போல இங்கே தோல் பெரிய தடை இல்லை. நைட்ரிக் ஆக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு. மின்னேற்றம் கிடையாது, கொழுப்பில் எளிதாகக் கரையும். தோலின் மேலடுக்கைத் தாண்டுவது அதற்குக் கஷ்டமே இல்லை. சிக்கல் அதன் ஆயுளில் இருக்கிறது. திசுவுக்குள் சில விநாடிகள்தான் தாங்கும். ஆக்சிஜனோடு சேர்ந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிவிடும். உடலில் உருவாகும் சூப்பர் ஆக்சைடு என்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட் என்ற வேறு சேர்மம் ஆகிவிடும். ரத்தத்துக்குள் போனால் ஹீமோகுளோபின் உடனே பிடித்துக்கொள்ளும். எனவே வாயுவைச் சேமிக்கும் யோசனையை விட்டுவிட்டு, தடவிய இடத்திலேயே அதைப் பிறக்க வைக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி, நைட்ரைட் உப்பையும் அமிலத்தையும் தடவும் நேரத்தில் சேர்ப்பது. இன்னொன்று டையசீனியம்டையோலேட் என்ற வகைச் சேர்மங்கள். காரச் சூழலில் இவை அமைதியாக இருக்கும். நீரும் அமிலத்தன்மையும் கிடைத்ததும் உடைந்து, ஒவ்வொரு தொகுதியும் இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளை வெளியிடும். மருந்தைத் தாங்கும் ஜெல்லும் அதை எழுப்பும் ஜெல்லும் ஒரே ட்யூபில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நான் இருந்த இடத்தில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. விற்பனைப் பிரிவுக்கு ஒரே ட்யூப்தான் வேண்டும். "கலக்கிப் பூசச் சொன்னால் யாரும் பூச மாட்டார்கள், நீரே இல்லாத அடிப்பொருளில் போட்டுக் கொடுங்கள்" என்றார்கள். அவர்களின் கவலையில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ட்யூபின் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் வரத்தான் செய்யும். வாதாடிப் பயனில்லை என்று இரண்டு வகையையும் செய்து, 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதம் உள்ள சோதனை அறையில் வைத்தோம். ஒற்றை ட்யூப்கள் உப்பிக்கொண்டு வந்தன. உள்ளே மருந்தின் அளவு சோதனைக்குச் சோதனை இறங்கியது. பிரித்து வைத்த ஜோடி அசையவில்லை. கலந்த ஜெல்லிலிருந்து வரும் வாயுவை அளக்கும் கருவி, நைட்ரிக் ஆக்சைடை ஓசோனோடு மோதவிட்டு அப்போது எழும் ஒளியை எண்ணும். ஒரு நிலையற்ற வாயுவை இன்னொரு நிலையற்ற வாயுவால் பிடிக்கும் அந்த முறை எனக்கு இன்றும் பிடிக்கும். முதல் நிமிடங்களில் வேகமாக எழுந்து, அப்புறம் நெடுநேரம் மெதுவாக இறங்கிய அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு யாரும் ஒற்றை ட்யூப் பற்றிப் பேசவில்லை.

இது என் பெருமைக்காகச் சொன்ன கதை மட்டும் என்று நினைத்தால், வெளியே வந்த மருந்தையே பாருங்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நைட்ரிக் ஆக்சைடு வெளியிடும் பெர்டாஸிமர் ஜெல்லுக்கு அனுமதி தந்தது. மொலஸ்கம் என்ற, குழந்தைகளுக்கு அதிகம் வரும் வைரஸ் பருக்களுக்கானது. அதுவும் இரண்டு ட்யூப்தான். சம அளவு எடுத்துக் கலந்து உடனே பூச வேண்டும், நாளுக்கு ஒரு முறை, 12 வாரம் வரை. பெரிய ஆய்வொன்றில் 12 வாரத்தில் பருக்கள் முழுக்க மறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 32.4 சதவீதம், மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 19.7 சதவீதம். அற்புதம் என்று நான் சொல்லவில்லை. உண்மையான வேறுபாடு என்கிறேன்.

"நெஞ்சுவலிக்குத் தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டை எப்போதோ வந்துவிட்டதே" என்று யாராவது கருத்துப் பெட்டிக்கு வருவார்கள். அது வேறு. பட்டையில் இருப்பது வாயு அல்ல, நிலையான நைட்ரேட். தோலைத் தாண்டி ரத்தத்தில் சேர்ந்த பிறகு, உடலின் நொதிகள் அதை உடைக்கின்றன. அதனால் அது உடல் முழுக்க வேலை செய்யும், தலைவலியும் தரும். நாம் பேசும் ஜெல் பூசிய இடத்தோடு நிற்பது. இதைப் பூசி ரத்த அழுத்தம் குறையும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். வீட்டில் நைட்ரைட்டையும் எலுமிச்சை அமிலத்தையும் கலந்து பார்க்கவும் வேண்டாம். நைட்ரைட் அளவு மீறினால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வேலை கட்டுரையாக வெளிவரும்போது, ஜெல்லை உருவாக்கியவர்களின் பெயர் கடைசி வரி நன்றியில்கூட இருப்பதில்லை. மூலக்கூறு கண்டவருக்கு இடம் உண்டு, நோயாளிகளைச் சேர்த்தவருக்கு இடம் உண்டு. அதைத் தோலில் நிற்க வைத்தவர்களுக்கு இல்லை. என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் சிலர் இதனாலேயே துறையை விட்டுப் போனார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் ப்ராஜெக்ட். கல்லூரி லேபில் ஒளி எண்ணும் கருவி இருக்காது, நிறமாற்றத்தை வைத்து அளக்கும் கிரீஸ் (Griess) சோதனைதான் கிடைக்கும். அது அளப்பது நைட்ரிக் ஆக்சைடை அல்ல, அது மாறிச் சேர்ந்த நைட்ரைட்டை. ஆகவே எந்த நேரத்தில் எவ்வளவு வாயு வந்தது என்பதை அது நேரடியாகக் காட்டாது, அதுவரை சேர்ந்த மொத்தத்தைத்தான் காட்டும். நைட்ரைட்டை மூலப்பொருளாக எடுத்தால் இந்தச் சோதனை உதவவே உதவாது. இரண்டு ஜெல்லையும் கலக்கத் தொடங்கும்போதே கடிகாரத்தை ஓட விடுங்கள், பூசி முடித்த பிறகு அல்ல.