தாத்தாவின் ஹீலியாஸ் லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட மலிவான அடாப்டர் போதுமா?

உங்கள் தாத்தாவின் செனிட் கேமராவில் இருந்த ஹீலியாஸ் 44-2 லென்ஸைச் சோனி மிரர்லெஸ் கேமராவில் மாட்ட முடியுமா, அதற்கு மலிவான அடாப்டரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாட்டலாம், நீளம் துல்லியமாக இருந்தால் மலிவான அடாப்டரே போதும். சேலத்தில் இருந்துகொண்டு என் அப்பாவின் இதே லென்ஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த லென்ஸைக் கேமராவில் திருகி மாட்டும் எம்42 மரை 42 மி.மீ. விட்டம் கொண்டது. லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தொலைவு இருக்க வேண்டும். சோனி மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வாயான இ மவுண்டில், படம் பதியும் சென்சார் வரையிலான தொலைவு 18 மி.மீ. மட்டுமே என்பதால், மீதியுள்ள 27.46 மி.மீ. இடைவெளியை நிரப்புகிற உலோகக் குழாய்தான் அடாப்டர். அதனுள் கண்ணாடி எதுவும் கிடையாது. ஆகவே கூடுதல் விலை கொடுத்தால் படம் கூடுதல் தெளிவாக வரும் என்று எண்ண வேண்டாம்; உட்சுவர் பளபளக்காமல் மங்கிய கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் முதலில் வாங்கிய அடாப்டரை ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்று, இரவில் லேடீஸ் சீட்டிலிருந்து கீழே தெரியும் சேலத்து விளக்குகளைப் படமெடுத்தேன். ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி, அதாவது வெகுதொலைவுக்கான முனை வரை முழுதாகத் திருப்பி, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, புள்ளிகளாகத் தெரிய வேண்டிய விளக்குகள் சிறு வட்டங்களாக ஊதிப்போயிருந்தன. அருகிலிருந்த மரத்தின் கிளையோ இலை இலையாகத் தெளிந்திருந்தது. மறுநாள் வெர்னியர் காலிப்பரில் அளந்தபோது அடாப்டர் 0.12 மி.மீ. நீளமாக இருந்தது. 58 மி.மீ. லென்ஸில் அவ்வளவு மிகுந்தாலே சுமார் 28 மீட்டருக்கு அப்பால் எதுவும் கூர்மையாக விழாது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து லென்ஸ் உட்காரும் முகத்தை அந்த அளவுக்குச் சீவி வாங்கிய பிறகு, அதே இடத்தில் அதே விளக்குகள் ஊசிமுனையாக விழுந்ததைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அடாப்டரின் நீளம் சற்றுக் குறைந்தால் பாதகமில்லை. வளையத்தின் முனைக்குச் சற்று முன்பே இன்ஃபினிட்டி வந்துவிடும், அவ்வளவுதான்.

உங்கள் 44-2 லென்ஸின் பின்புறம், ஒளி நுழையும் துளையை (அபெர்ச்சர்) கேமராவே சுருக்க உதவும் ஊசி கிடையாது. லென்ஸிலுள்ள ஒரு வளையத்தில் துளையின் அளவைக் குறித்துவைத்து, மற்றொன்றால் திறந்து மூடலாம். பின்னாளில் அந்த ஊசி உள்ள தக்குமார் போன்ற பழைய எம்42 லென்ஸ்களையும் வாங்கும் எண்ணம் இருந்தால், ஊசியை அழுத்திப்பிடிக்கும் உள்விளிம்பு கொண்ட அடாப்டராக இப்போதே வாங்கிவிடுங்கள்.

கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை இயக்க வேண்டும். ஆட்டோஃபோகஸ் வராது, ஆனால் கூர்மையாக விழும் விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கும் திரையில் பெரிதாக்கும் வசதியும் இருக்கையில் அது பெரிய குறையாகத் தோன்றாது. உங்களுடையது சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவானால் 58 மி.மீ. லென்ஸ் 87 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்கும்; முகங்களை எடுக்க அது மிக அழகாக அமையும்.

வீட்டில் பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதில் முயல வேண்டாம். அதில் லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து சென்சார் வரையிலான தொலைவு 46.5 மி.மீ., அதாவது எம்42-ஐ விட அதிகம். கண்ணாடி பதித்த அடாப்டர் இல்லாமல் தொலைவுக் காட்சி கிடைக்காது, அந்தக் கண்ணாடியோ லென்ஸின் தன்மையையே கெடுத்துவிடும்.

அடாப்டருக்குப் பணம் கட்டும் முன், லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை; முதலில் அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் எடுத்துவிட்டுத் திரும்பும் நாட்களில் நான் லென்ஸைத் தோலுறைக்குள் வைப்பதே இல்லை; சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகிய டப்பாவில்தான் வைக்கிறேன்.