பூஸ்ட் கண்ட்ரோலர்: வாங்கறதுக்கு முன்னாடியும் மாட்டின பிறகும்

டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தம்தான் பூஸ்ட். அதை ஏத்திக் கட்டுப்படுத்துற கருவி பூஸ்ட் கண்ட்ரோலர். அதைப் பத்தி வந்த கேள்விகளும் பதிலும்:

வேளச்சேரி: அண்ணா, ஃபியட் லினியா டி-ஜெட் காருக்கு மேனுவல் கண்ட்ரோலர் போதுமா?

வேண்டாம் தம்பி. அதுல ஈசியூவே (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) சோலினாய்டு (கரண்ட்ல திறந்து மூடுற வால்வு) மூலமா வேஸ்ட்கேட்டை (அதிகப்படி புகையை டர்போவுக்குப் போகாம திருப்பி விடுற கதவு) ஆட்டுது. நடுவுல இன்னொரு வால்வைச் சொருகினா ஈசியூ கேட்கிற அழுத்தம் ஒண்ணு, வர்றது ஒண்ணுன்னு ஆகி பவரைக் குறைச்சுக்கிற லிம்ப் மோடுக்குப் போயிடும். ஈசியூ புரோகிராமை (மேப்) மாத்துற ரீமேப்தான் வழி. தனி கண்ட்ரோலர் எல்லாம் டர்போ கிட் ஏத்தின வண்டிக்கும், வெறும் ஸ்பிரிங்ல ஓடுற பழைய டர்போவுக்கும்தான். ஒரிஜினலுக்குப் பதிலா மாட்டுற ஸ்டாண்ட்அலோன் ஈசியூ இருந்தா பெரும்பாலும் மூணு போர்ட் சோலினாய்டு மட்டும் வாங்கினா போதும்.

பெரம்பூர்: என் ஆக்சுவேட்டர் (வேஸ்ட்கேட்டைத் திறக்கிற டப்பா) ஸ்பிரிங் 0.5 பார். கண்ட்ரோலர் போட்டா 1.4 வருமா சார்?

வந்தாலும் நிலையா நிக்காது. ஸ்பிரிங் அழுத்தத்துல சுமார் ரெண்டு மடங்கு வரைக்கும்தான் நம்பலாம். 0.7 அல்லது 0.8 பார் ஸ்பிரிங் மாத்துங்க. ஸ்பிரிங்குக்குக் கீழ இறக்க எந்தக் கண்ட்ரோலராலும் முடியாது. ஒரே அழுத்தம் போதும்னா பால்-ஸ்பிரிங் மேனுவல் வாங்குங்க. கியருக்கு ஒரு அளவு வேணும்னா எலெக்ட்ரானிக்.

அம்பத்தூர்: மூணு போர்ட் சோலினாய்டுல எந்த ஹோஸ் எங்க போகணும்?

போர்ட் நம்பரை நம்பாதீங்க, ஊதிப் பாருங்க. கரண்ட் இல்லாதப்போ டர்போ பக்கம் ஊதினா காத்து ஆக்சுவேட்டர் பக்கம் வரணும். 12 வோல்ட் கொடுத்தா அந்த வழி அடைபட்டு, ஆக்சுவேட்டர் காத்து மூணாவது போர்ட்ல வெளியேறணும். அப்போதான் ஃப்யூஸ் போனாலும் ஸ்பிரிங் அழுத்தத்தோட நிக்கும். அழுத்த சிக்னலை டர்போவோட கம்ப்ரெசர் அவுட்லெட்ல (காத்து வெளிய வர்ற வாய்) எடுங்க. 4 மிமீ சிலிகான் ஹோஸ், ரெண்டு முனையிலும் கிளிப், எக்ஸாஸ்ட்டை விட்டுத் தள்ளி. ஹோஸ் கழண்டா வேஸ்ட்கேட்டுக்கு சிக்னலே போகாது, பூஸ்ட் எகிறி பிஸ்டனைப் பதம் பார்த்துடும்.

தாம்பரம்: ட்யூனிங்கை எங்கேருந்து ஆரம்பிக்கறது?

பூஸ்ட் எல்லை தாண்டினா பெட்ரோலை நிறுத்துற ஃப்யூவல் கட்ல இருந்து. டார்கெட்டுக்கு மேல 0.2 பார்ல அதை வெச்சுட்டுதான் மத்தது. ஃபீட்பேக்கை (அழுத்தத்தைப் பார்த்துத் தானா திருத்துறது) அணைச்சு, டியூட்டி (சோலினாய்டுக்குக் கரண்ட் போற நேர சதவீதம்) பூஜ்யத்துல ஒரு ஓட்டம். ஸ்பிரிங் அழுத்தம்தான் வரணும். அதுக்கு மேல வந்தா ஹோஸ் மாட்டினது தப்பு, இல்லன்னா வேஸ்ட்கேட் போதலை. அப்புறம் நாலாவது கியர்ல முழு த்ராட்டில், டியூட்டியை ஓட்டத்துக்கு 5 சதவீதம் மட்டும் ஏத்துங்க. ஒவ்வொரு லாக்லயும் (ஓட்டத்தோட பதிவு) ஏர்-ஃப்யூவல் விகிதம் (முழு பூஸ்ட்ல 11.5 முதல் 12), நாக் (பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிச்சுத் தட்டுறது), இன்டேக் வெப்பம் மூணையும் பாருங்க. டார்கெட் கிட்ட வந்ததும் ஃபீட்பேக்கைக் குறைஞ்ச கெயின்ல (திருத்துற வேகம்) திறங்க. மிஸ்ஃபயர் ஆனா ப்ளக் இடைவெளியை 0.7 மிமீக்குக் குறைச்சுப் பாருங்க. இதையெல்லாம் டைனோவுல (வண்டியை நிறுத்தின இடத்துலயே ஓட்டி அளக்கிற மேடை) செய்யுங்க, இல்ல இருங்காட்டுக்கோட்டை டிராக்ல. ஈசிஆர் ரோட்டுல வேண்டவே வேண்டாம். டிசம்பர் ராத்திரி குளிர்ல சரியா ஓடுற மேப், மே மாசம் ஓஎம்ஆர் சிக்னல்ல வெந்துட்டுக் கிளம்பினா நாக் அடிக்கும். அதனால மதிய வெயில்லயும் ஒரு தடவை லாக் எடுங்க.

அடையாறு: 1.2 வரைக்கும் எகிறி 0.9ல நிக்குது. நண்பர் வண்டில ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறுது.

உங்களுது ஸ்பைக்: கெயினையும் ஆரம்ப டியூட்டியையும் குறைங்க. அவருது க்ரீப். டியூட்டி பூஜ்யத்துலயும் ஏறினா கண்ட்ரோலர் மேல பழி இல்லை. தடை குறைஞ்ச ஃப்ரீஃப்ளோ எக்ஸாஸ்ட்டுக்கு வேஸ்ட்கேட் துளை போதலை. துளையைப் பெரிசாக்கணும், இல்லன்னா வெளி வேஸ்ட்கேட்.

அயனாவரம்: சாதா பெட்ரோல் போதுமா?

91 ஆக்டேன்ல (பெட்ரோல் நாக்கைத் தாங்குற அளவு) பூஸ்ட் ஏத்தாதீங்க. 95ல ட்யூன் பண்ணினா எப்பவும் 95தான்.

ராயபுரம்: புதுப்பேட்டையில பழைய எலெக்ட்ரானிக் கண்ட்ரோலர் கிடைக்குது, வாங்கலாமா அண்ணா?

டிஸ்ப்ளே மட்டும்னா விடுங்க. அதோட சோலினாய்டு, பிரஷர் சென்சார், வயரிங் மூணும் சேர்ந்து வந்தா, அங்கேயே 12 வோல்ட் கொடுத்து சோலினாய்டு டிக்குனு அடிக்குதான்னு கேட்டுட்டுப் பேரம் பேசுங்க.