நகை பீரோவிலேயே இருக்கட்டும், அக்கா

அக்கா,

போன சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் என்னைப் பார்க்க வந்தபோது, அந்த சி.சி.என்.ஏ. தேர்வுப் பயிற்சி மையத்தின் நோட்டீஸை நாலாக மடித்து பர்ஸுக்குள் வைத்திருந்தீர்கள். 'ஆறு மாதம், சென்னையில் தங்கிப் படிப்பு, 100 சதவீத வேலை உறுதி.' மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் பார்க்கும் ஹெல்ப்டெஸ்க் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகத் தயார். நீங்கள் நகையை அடகு வைக்கத் தயார். வெளியே ஆள் காத்திருந்ததால் அன்றைக்கு முழுசாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விட வேண்டாம். நகையும் பீரோவை விட்டு வெளியே வர வேண்டாம்.

அவன் எழுத நினைக்கும் சி.சி.என்.ஏ., சிஸ்கோ நிறுவனம் 1998 முதல் நடத்திவரும் தேர்வு. ரூட்டர், ஸ்விட்ச் வைத்து கம்ப்யூட்டர்களை இணைக்கவும், இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவும் தெரியுமா என்று சோதிப்பது. நல்ல தேர்வுதான். ஆனால் அது காலேஜ் டிகிரி இல்லை, அக்கா. வகுப்பில் சேர்ந்தவர்கள்தான் எழுதலாம் என்று எந்த விதியும் கிடையாது. பணம் கட்டி, தேதி குறித்து, நேரே போய் 120 நிமிஷம் உட்கார்ந்து எழுதிவிட்டு வரலாம். கட்டணம் 300 டாலர், அதன் மேல் வரி. இன்றைய டாலர் விலையில் 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். நோட்டீஸில் கேட்டிருக்கும் தொகையை இதோடு வைத்துப் பாருங்கள். மீதிப் பணம் எதற்குப் போகிறது? பாடம் சொல்லிக் கொடுப்பதற்குக் கொஞ்சம். மற்றதெல்லாம் அந்த 'உறுதி' என்ற ஒரு சொல்லுக்கு. அந்த உறுதியை ஒப்பந்தமாக எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார்களானால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் பையனிடம் போனில் பேசியபோது அவனே சொன்ன கதை.

அவன் நைட் ஷிப்டில் இருந்த ஒரு ராத்திரி, வாடிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் ஒரு மாடி முழுக்க போன் செத்துவிட்டது. அடுத்தடுத்து டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, வந்து விழுகிறது. லெவல் ஒன் என்கிற முதல் படியில் இருப்பவனுக்கு ஸ்விட்சில் கைவைக்க அனுமதி இல்லை, மற்றவர்கள் பேசுவதை லைனில் இருந்து கேட்கத்தான் முடியும். அரை மணி நேரம் கழித்து ஒரு சீனியர் கண்டுபிடித்தார். ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் நெட்வொர்க்குக்கு விலான் என்று பெயர்; பல விலான்களை ஒரே கம்பியில் கொண்டுபோகும் இணைப்பு ட்ரங்க் போர்ட். சாயங்காலம் யாரோ அந்த ட்ரங்க் போர்ட்டில் புதிதாக விலான் 30-ஐச் சேர்க்கப் போய், 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் 30' என்று அடித்திருக்கிறார். நடுவில் 'ஆட்' என்ற ஒரு சொல் விட்டுப்போய்விட்டது. அந்தச் சொல் இருந்தால் ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு 30-ம் சேரும். இல்லாவிட்டால் பழைய பட்டியல் மொத்தமும் போய் 30 மட்டும் மிஞ்சும். போன்கள் ஓடிக்கொண்டிருந்த விலான் அந்தப் பழைய பட்டியலில் இருந்தது.

சொல்லி முடித்துவிட்டு, "சார், இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான். உண்மைதான். இதே செய்தி சி.சி.என்.ஏ. புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரியை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படித்தவன் ஒரு மாதத்தில் மறப்பான். சென்னை ஹாஸ்டலில் அவனுக்குக் கிடைப்பது அந்த வரி. டெக்னோபார்க் இருக்கிற கழக்கூட்டத்தில் கிடைப்பது அந்த ராத்திரி. சம்பளத்தோடு கிடைக்கிற பரிசோதனைக் கூடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பணம் கட்டி வகுப்பறைக்குப் போவானேன்?

இன்னொன்று, ஆள் எடுக்கிறவர் கண்ணில் படுவது. ஒன்றரை வருஷ ஹெல்ப்டெஸ்க் அனுபவம், அதன் பிறகு ஆறு மாதம் காலி, கையில் ஒரு சான்றிதழ் என்றால் முதல் கேள்வியே அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் வரும். தொடர்ந்து வேலை பார்த்துக்கொண்டே தேர்வை முடித்தவனிடம் அந்தக் கேள்வியே இல்லை.

நீங்கள் அண்டி ஆபீஸில் இருபது வருஷமாக முந்திரிப் பருப்பு தரம் பிரிக்கிறவர் என்பதால் ஒன்றை எளிதாகச் சொல்லிவிடலாம். 'டம்ப்ஸ்' என்று ஒன்று விற்கிறார்கள். தேர்வுக் கேள்விகளைத் திருட்டுத்தனமாகச் சேர்த்து, விடையோடு மனப்பாடம் செய்யக் கொடுப்பது. ஆறு மாத வகுப்பு என்று சொல்லிவிட்டுக் கடைசி இரண்டு வாரத்தில் இதைக் கையில் திணிக்கும் இடங்களும் உண்டு. டின் மேலே டபிள்யூ 320 என்று முழுப் பருப்பின் தரத்தை ஒட்டி, உள்ளே துண்டுப் பருப்பை நிரப்பி அனுப்பினால் என்ன ஆகும்? வாங்குகிறவன் டின்னைத் திறக்கும் வரைக்கும்தான் லேபிளுக்கு மதிப்பு. நேர்முகத்தில் டின்னைத் திறப்பார்கள், அக்கா. "ஓ.எஸ்.பி.எஃப். நெய்பர் வரவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை ஓ.எஸ்.பி.எஃப்.; அப்படிப் பேசிக்கொள்ளும் பக்கத்து ரூட்டர்தான் நெய்பர்.) அதுபோக, சிஸ்கோ கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்துவிடும்.

வீட்டில் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் மதியம் வரை எழுப்பாதீர்கள். விடிய விடிய வேலை பார்த்தவன் காலையில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரியும், பொருள் மண்டைக்குள் ஏறாது. பெண் பார்க்கிற பேச்சையும் தேர்வு முடியும் வரைக்கும் ஒத்திப் போடுங்கள்.

இனி இந்தத் தாளை உங்கள் பையனிடம் கொடுங்கள்.

தம்பி, எட்டு மாதம் எடுத்துக்கொள். மூன்று மாதத்தில் முடித்தேன் என்று ஆபீஸில் ஒருவன் சொல்வான். அவனுக்கு ஷிப்ட் இருந்ததா என்று கேள். தேர்வின் எண் 200-301. 2024 ஆகஸ்டில் பாடத்திட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அதனால் சீனியர் தருகிற பழைய புத்தகத்தை மட்டும் நம்பாதே. மதிப்பெண்ணில் பெரும் பங்கு எங்கே என்று பார்த்துக்கொள். ரூட்டிங் பகுதிக்கு 25 சதவீதம், அடிப்படைக்கும் ஸ்விட்சிங்குக்கும் 20, 20. பாதுகாப்புக்கு 15, ஆட்டோமேஷன் (நெட்வொர்க் வேலையை நிரல் வைத்துத் தானாகச் செய்ய வைப்பது) உட்பட மீதி இரண்டுக்கும் பத்துப் பத்து. ஆட்டோமேஷனைப் பார்த்துப் பயந்து அதிலேயே இரண்டு மாதம் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு உள்ளதைப் பத்துக்குப் படி.

சப்நெட்டிங்கை, அதாவது கம்ப்யூட்டர் முகவரிகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிக்கும் கணக்கை, மேஜையில் படிக்காதே, ரயிலில் படி. எப்படியும் குழித்துறையில் ஏறி நேமம் தாண்டும் வரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்? ஒரு சின்ன நோட்டு போதும். 192.168.10.77, ஸ்லாஷ் 27 என்று எழுது. 27 என்றால் கடைசி எண்ணில் 32, 32-ஆகத் தாவ வேண்டும். 0, 32, 64, 96. 77 விழுவது 64-க்கும் 96-க்கும் நடுவில். ஆகவே நெட்வொர்க் (குழுவின் முகவரி) 64, பிராட்காஸ்ட் (குழுவில் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி) 95, நடுவில் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்க 65 முதல் 94 வரை 30 முகவரி. முதல் வாரம் பாறசாலை வருவதற்குள் ஒரு கணக்கு முடிந்தால் பெரிய காரியம். மூன்றாவது மாதம் ஒரு கணக்குக்கு அரை நிமிஷம் என்று வந்தால் போதும். எண்ணை நீயே யோசிக்காதே, யோசித்தால் மனசு சுலபமான எண்ணாகவே எடுக்கும். எதிரே நிற்கிற வண்டியின் பெட்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்.

லேபுக்கு ரூட்டர் வாங்க வேண்டாம். ரூட்டர், ஸ்விட்சைத் திரையிலேயே கட்டிப் பார்க்கிற பேக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் கிடைக்கும், உன்னுடைய பழைய லேப்டாப்பிலேயே ஓடும். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் அதற்கு. சரியாக ஓடுகிறதைக் கட்டிப் பார்ப்பது பாதி வேலைதான், பிறகு அதை நீயே கெடு. அந்த 'ஆட்' இல்லாத கட்டளையை அடித்துப் பார். ஒரு ரூட்டரில் ஓ.எஸ்.பி.எஃப். ஹலோ டைமரை (பக்கத்து ரூட்டருக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளி) 10 நொடியிலிருந்து 15 ஆக்கி, நெய்பர் போவதைப் பார். ஆபீஸில் அந்த வாரம் வந்த ஒரு டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை லேபில் திரும்பக் கட்டு. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கான்பிகரேஷன் எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதே, பிரச்சினையின் உருவம் மட்டும் போதும்.

நானும் இதில் ஒருமுறை தோற்றவன்தான். அப்போது தேர்வின் எண் 640-802. ஒரே ஒரு சப்நெட்டிங் கேள்வியில் ஏழெட்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன், கடைசிக் கேள்விகளைப் படிக்கக்கூட நேரம் இல்லை. இந்தத் தேர்வில் தாண்டிப் போன கேள்விக்குத் திரும்பி வர முடியாது. தெரியாவிட்டால் ஊகித்துவிட்டு நகரத்தான் வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் 'தெரிஞ்சதை முதல்ல எழுது, மத்ததுக்கு அப்புறம் வா' என்று பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

பணம் கட்டுவதற்கு முன் ஹெச்.ஆரிடம் போய்க் கேள். பல கம்பெனிகள் பாஸானால் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. அதற்குப் பதிலாக எத்தனை மாதம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம்தான், ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நம் ஊர் கரண்டை நம்பி 30,000 ரூபாயை வைக்காதே. மையத்துக்கே போ. பதிவு செய்யும்போது பெயரில் கவனம் வேண்டும். நமக்கு அப்பா பெயர் ஒரு அட்டையில் இனிஷியலாக இருக்கும், இன்னொன்றில் முழுசாக நிற்கும். எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோகிறாயோ, அதில் உள்ளபடியே ஒரு எழுத்து மாறாமல் பதிவு செய். இதில் தவறி, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

பாஸானாலும் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் அடுத்த படிக்குப் போயிருப்பாய் என்பதால் அதை இப்போது யோசிக்க வேண்டாம். முதல் ஐந்து மாதத்தில் தேதி குறிக்காதே. ஐந்தாவது மாதம் முடிந்ததும் குறிக்காமல் இருக்காதே.

அக்கா, வருகிற சனிக்கிழமை அவனுக்கு லீவு என்று சொன்னான். பத்து மணிக்கு மேல் இரண்டு பேரும் வாருங்கள். அவனை இந்த மாத ஷிப்ட் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், எந்தெந்த நாள் படிக்கலாம் என்று உட்கார்ந்து குறித்துவிடலாம். மையத்துக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் ரசீதையும் எடுத்து வாருங்கள்.