மாஷ் டன் வாங்கும் முன்

கேள்வி: டப்பாவில் கிடைக்கும் மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) சாற்றைக் கொண்டு வீட்டில் பியர் தயாரித்து வந்தேன்; இனி தானியத்திலிருந்தே தொடங்க எண்ணுகிறேன். ஒரு தடவைக்கு 20 லிட்டர் பியர் போதும். மாஷ் டன்னாக ஐஸ் பெட்டியைப் பயன்படுத்தலாமா, எஃகுப் பாத்திரம்தான் வேண்டுமா? எந்த அளவில் வாங்குவது?

பதில்: மாஷ் டன்னுக்கு இரண்டே வேலைகள்: உடைத்த மால்ட்டையும் வெந்நீரையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரே சூட்டில் வைத்திருப்பது, பிறகு தானியத்தை உள்ளே நிறுத்திக்கொண்டு இனிப்புச் சாறான வோர்ட்டை மட்டும் வெளியே விடுவது. முதல் வேலையை ஐஸ் பெட்டி எஃகுப் பாத்திரத்தைவிட நன்றாகவே செய்யும். எஃகுப் பாத்திரத்தை அடுப்பிலேற்றிச் சூட்டைப் படிப்படியாக உயர்த்த முடியும் என்பது உண்மைதான்; ஆனால் இடைவிடாமல் கிளறாவிட்டால் அடியில் கருகும், மேலே ஒரு சூடும் கீழே ஒரு சூடுமாக இருக்கும். முதன்முறை தானியத்தில் இறங்குபவருக்கு ஐஸ் பெட்டியையே பரிந்துரைப்பேன். அதன் உட்சுவர் 75 டிகிரி செல்சியஸ் நீரைத் தாங்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். மலிவான சில பெட்டிகளில் உட்புறம் நெளிந்துவிடும்.

அளவைப் பியரின் லிட்டரைக் கொண்டல்ல, தானியத்தின் எடையைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். நடுத்தர வீரியமுள்ள 20 லிட்டர் பியருக்குச் சுமார் 5 கிலோ மால்ட் தேவைப்படும். கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 15 லிட்டர் நீர். ஒரு கிலோ தானியம் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் இடத்தை அடைப்பதால் மொத்தம் 19 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கிளறவும் இடம் வேண்டுமென்பதால் 25 முதல் 30 லிட்டர் பெட்டி பொருத்தமாக இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று 60 லிட்டர் பெட்டி வாங்குபவர்கள் உண்டு. அதில் தானியப் படுகை மெலிந்து பரவுவதால் வடிகட்டும் திறன் குறைகிறது, மேலே இருக்கும் வெற்றிடம் சூட்டையும் உறிஞ்சிவிடுகிறது.

என்னைக் கேட்டால், பெட்டியைவிட அதன் அடியில் பொருத்தும் துளைத்தட்டுக்கும் வெப்பம் தாங்கும் வால்வுக்கும் தாராளமாகச் செலவழிக்கலாம். துளைத்தட்டு சுவரோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். ஓரத்தில் இடுக்கு இருந்தால் வோர்ட் தானியத்துக்குள் புகாமல் அவ்வழியே நழுவி இறங்கிவிடும்.

கேள்வி: 67 டிகிரி வேண்டுமென்று அதே சூட்டில் நீர் ஊற்றினால் கலவை 61-க்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: குளிர்ந்த தானியம் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான் அப்படி இறங்குகிறது. தானியம் 25 டிகிரியில் இருந்து, கிலோவுக்கு 3 லிட்டர் நீர் சேர்ப்பதானால், நீர் ஏறக்குறைய 73 டிகிரியில் இருக்க வேண்டும். பெட்டியும் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சும். எனவே அதில் முதலில் பெட்டி தாங்கும் சூட்டில் வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். இந்த ஆறு டிகிரி அற்பமானதல்ல. மாவுச்சத்தை எளிய சர்க்கரையாக்கும் பீட்டா அமிலேஸ் என்ற நொதி 65 டிகிரிக்குக் கீழே நன்கு வேலை செய்வதால் பியர் வறண்டும் மெலிந்தும் வரும். 70-ஐ நெருங்கினால் ஆல்ஃபா அமிலேஸ் என்ற மற்றொரு நொதியின் கை ஓங்கி, ஈஸ்ட்டால் உண்ண முடியாத சர்க்கரைகள் மிஞ்சிப் பியர் கனக்கும்.

கேள்வி: பாதியில் வோர்ட் இறங்காமல் நின்றுவிடுகிறதே?

பதில்: பெரும்பாலும் மால்ட்டை மாவாகும்வரை அரைத்ததோ, வால்வை எடுத்த எடுப்பிலேயே முழுவதும் திறந்து படுகையை இறுகச் செய்ததோதான் காரணமாக இருக்கும். வடிகட்டி என்பது உண்மையில் பார்லியின் உமிதான். அது சிதையாமல் உள்ளிருக்கும் பருப்பு மட்டும் உடைய வேண்டும். கோதுமைக்கு உமியில்லாததால் அது அதிகம் சேரும்போது கழுவிய நெல் உமியைக் கலந்துகொள்ளுங்கள். நின்றுவிட்டால் வால்வை மூடி, நன்றாகக் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு, மெல்லத் திறந்து, முதலில் வரும் கலங்கலான சில லிட்டர்களைத் தெளியும்வரை மேலேயே திரும்ப ஊற்றுங்கள். அதன்பின் தானியத்தை அலசும் நீர் 77 டிகிரியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் உமியின் துவர்ப்பு வோர்ட்டில் இறங்கக்கூடும்.