33 பைட் குரல் பாக்கெட்: எந்தக் கோடெக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: மொபைல் நெட்வொர்க் சோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு வோல்டிஇ (4ஜி வழிக் குரல்) சோதனை அழைப்பை, பாக்கெட்டுகளைப் பதிவு செய்து பார்க்கும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்தேன். அழைப்பு இணைந்த பிறகுதான் பதிவு ஆரம்பித்தது, அதனால் எந்தக் கோடெக் என்று பேசி முடிவு செய்யும் எஸ்ஐபி செய்திகள் சிக்கவில்லை. பேசும்போது வரும் பாக்கெட்டுகளில் எல்லாம் குரல் தரவு 33 பைட், பேலோடு டைப் (தரவு வகை எண்) 104. கோடெக் (குரலைச் சுருக்கும் முறை) அட்டவணை ஒன்று இதை ஏஎம்ஆர் 12.2 கிலோபிட் என்கிறது, இன்னொன்று இவிஎஸ் 13.2 கிலோபிட் என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு அட்டவணையும் சரிதான். இதே 33 பைட்டில் மூன்றாவதாக ஒன்றும் வந்து நிற்கும்: ஏஎம்ஆர் வைடுபேண்ட் 12.65. அளவை மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. 104 என்ற எண்ணும் உதவாது. 96 முதல் 127 வரை உள்ள எண்களுக்கு நிலையான பொருள் கிடையாது, அழைப்புக்கு அழைப்பு பேசி வைத்துக்கொள்வதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். இந்தக் கோடெக்குகள் எல்லாம் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃப்ரேம் அனுப்புபவை. ஏஎம்ஆர் 12.2 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 244 பிட். ஏஎம்ஆரைப் பொதி கட்ட இரண்டு முறைகள் உண்டு. ஆக்டெட் அலைன்ட் முறையில் (எல்லாம் முழு பைட்டாக நிரப்பப்படும்) தலைப்புக்கு 2 பைட், குரலுக்கு 31 பைட், ஆக 33. பேண்ட்விட்த் எஃபிஷியன்ட் எனும் சிக்கன முறையில் தலைப்பு 10 பிட்தான், ஆக 254 பிட், அதாவது 32 பைட். வைடுபேண்ட் 12.65-க்கு 253 பிட். இந்தச் சிக்கன முறையில் 263 பிட் ஆகி 33 பைட்டில் நிற்கும், ஆக்டெட் அலைன்ட் என்றால் 34. இவிஎஸ் 13.2-க்கு 264 பிட். அதன் காம்பாக்ட் வடிவத்தில் தலைப்பே இல்லை என்பதால் மிகச் சரியாக 33.

சரி, எப்படிப் பிரிப்பது? முதலில், குரலைச் சுமக்கும் ஆர்டிபி தலைப்பில் உள்ள டைம்ஸ்டாம்ப்பைப் (நேர முத்திரை) பாருங்கள். என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான தடயம் இல்லை. ஆள் பேசிக்கொண்டிருக்கும் பகுதியில், அடுத்தடுத்த இரண்டு பாக்கெட்டுகளின் டைம்ஸ்டாம்ப்பைக் கழியுங்கள். 160 வந்தால் கடிகாரம் 8000 ஹெர்ட்ஸ், அதாவது நேரோபேண்ட் ஏஎம்ஆர் (வைடுபேண்ட் அல்லாத சாதாரண ஏஎம்ஆர்). 320 வந்தால் 16000 ஹெர்ட்ஸ், வைடுபேண்ட் ஏஎம்ஆர் அல்லது இவிஎஸ். பாக்கெட்டுகள் 20 மில்லிசெகண்ட் இடைவெளியில்தான் வருகின்றனவா என்பதையும் கூடவே சரிபாருங்கள். ஒரே பாக்கெட்டில் இரண்டு நேரோபேண்ட் ஃப்ரேம் போட்டு 40 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பினாலும் வித்தியாசம் 320 தான். மௌனமான பகுதியில் இந்தக் கழித்தலைச் செய்யாதீர்கள், அங்கே டைம்ஸ்டாம்ப் தாவித் தாவிப் போகும்.

320 வந்துவிட்டது என்றால், இப்போது அந்த மௌனப் பகுதிக்கே போங்கள். பேசாதபோது பின்னணி இரைச்சலை மட்டும் சொல்லும் சின்னப் பாக்கெட்டுகள், பொதுவாக 160 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று வரும். ஏஎம்ஆரில், நேரோபேண்ட் ஆனாலும் வைடுபேண்ட் ஆனாலும், எந்தப் பொதி முறை ஆனாலும், அது 7 பைட். இவிஎஸ் காம்பாக்ட்டில் 6 பைட். இந்த ஒரு பைட் போதும். சோதனை அழைப்பில் இரண்டு பக்கமும் சில விநாடிகள் சும்மா இருக்கச் சொல்லுங்கள். இடைவிடாமல் பாட்டு ஓடவிட்ட பதிவில் இந்தத் தடயம் கிடைக்காது.

மௌனப் பாக்கெட் கிடைக்காவிட்டால் குரல் தரவின் முதல் இரண்டு பைட்டை ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் பாருங்கள். நேரோபேண்ட் 12.2, ஆக்டெட் அலைன்ட் என்றால் பெரும்பாலும் எஃப்0 3சி என்றோ 70 3சி என்றோ ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரேமாதிரி தொடங்கும். வைடுபேண்ட் 12.65, சிக்கன முறை என்றால் முதல் பைட் எஃப்1 அல்லது 21 என்று நிலையாக நிற்கும், இரண்டாவது பைட் எப்போதும் 40-க்கும் 7எஃப்-க்கும் இடையில் இருக்கும். இவிஎஸ் காம்பாக்ட்டில் அப்படித் திரும்பத் திரும்ப வரும் தலைப்பு இல்லை.

அழைப்பின் நடுவே அளவு மாறினால் துப்புக் கிடைக்கும் என்று தோன்றும். அங்கேயும் கவனம் வேண்டும். சிக்கன முறை வைடுபேண்ட் 6.60, 8.85, 23.85 ஆகியவை முறையே 18, 24, 61 பைட். இவிஎஸ் 7.2, 9.6, 24.4 ஆகியவையும் அதே 18, 24, 61 தான். 20, 80 போன்ற அளவுகள் இவிஎஸ் பக்கம் சாய்கின்றன. அவை 8, 32 கிலோபிட். அப்போதும் டைம்ஸ்டாம்ப்பைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். சிக்கன முறையில் நேரோபேண்ட் 7.4-ம் 20 பைட்தான்.

அப்புறம், அந்த 33 உண்மையிலேயே குரல் தரவின் அளவுதானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். யூடிபி நீளம் 53 என்று காட்ட வேண்டும்: யூடிபி 8, ஆர்டிபி 12, மீதி 33. வயர்ஷார்க்கின் நீளப் பத்தியில் தெரிவது மொத்த ஃப்ரேம். ஐபி நான்காம் பதிப்பா ஆறாம் பதிப்பா என்பதைப் பொறுத்தே அதில் 20 பைட் வித்தியாசம் வரும்.

இதே அழைப்பு வைஃபை வழியாகப் போனால் இந்த வழிகள் எதுவும் வெளியிலிருந்து பலிக்காது. போனிலிருந்து ஆபரேட்டரின் நுழைவாயில் வரை எல்லாம் ஐபிசெக் எனும் மறையாக்கச் சுரங்கத்துக்குள் போகிறது. 16 பைட் கட்டங்களாக மறையாக்கம் செய்யும் ஏஇஎஸ் சிபிசி முறையில், 32, 33, 34 பைட் குரல் தரவுகள் மூன்றும் தலைப்புகளோடு சேர்ந்து ஐபி ஆறாம் பதிப்பில் 96 பைட்டாக நிரப்பப்படும். டைம்ஸ்டாம்ப்பும் உள்ளே மறைந்துவிடும். அந்த அழைப்பைப் பார்க்க வேண்டுமானால் பிடிக்கும் இடத்தை நுழைவாயிலுக்கு உட்பக்கம் மாற்றுங்கள்.